ஏரியைக் காணோம், மிஸ்!

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு ரோடு இருக்கிறது. அங்கே நின்றுகொண்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் வியூ உண்டு. பிளாஸ்டிக் குடம் விற்கும் கடை வியூ, மொட்டை மாடியில் காயும் வேட்டி வியூ, நம் மேல் ஏறலாமா வேண்டாமா என்று யோசித்தபடி வரும் ஆட்டோ வியூ... லேக்தான் கிடையாது! நுங்கம்பாக்கம் பக்கம் போனால் ‘லேக் ஏரியா’. அங்கே ஏரியா இருக்கிறது, ஏரி இல்லை. வள்ளுவர் கோட்டத்துக் கல் தேர் நிற்பதே பழைய ஏரியின் மடியில்தான். தி.நகரில் தீபாவளிக் கூட்டத்தில் நீந்துகிறோமே, அந்தப் பேட்டையே 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உண்டாக்கியதுதான். ஆக, அங்கே நீச்சல் என்பது பரம்பரை வழக்கம்!

கிணற்றைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கும் வடிவேலு காமெடிக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம். சென்னையில் ஏரியையே காணோம். புகார் கொடுக்கத்தான் ஆளில்லை.

அப்படி ஒரு புகார் கொடுக்கும் தலைமுறையை உருவாக்கியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருக்கிறார் ஒரு டீச்சர். தாம்பரம் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் மூன்றாவது, நான்காவது வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர். எனக்குத் தூரத்து உறவு, மகள் முறை. ஜனவரி மாதத்தில் ஒருநாள் போன் வந்தது.

“சித்தப்பா, சனிக்கிழமை சும்மாதானே இருப்பீங்க?”

(எல்லாக் கிழமையும் சும்மாதான் இருக்கிறேன் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.)

“இருபத்தெட்டு பசங்க. வேன் பேசியாச்சு. காலைல பள்ளிக்கரணை, சாயந்திரம் வேடந்தாங்கல். கூட ஒரு பெரியவங்க வேணும். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், தலையை எண்ணிக்கிட்டே இருந்தாப் போதும்.”

“எதுக்கும்மா இவ்வளவு அலைச்சல்? புத்தகத்துல இருக்கறதைச் சொல்லிக் கொடுத்தாப் போதாதா?”

“சொல்லிக் கொடுத்தேனே! ஈரநிலம்னா என்ன, ஏன் காப்பாத்தணும்னு போர்டுல எழுதிப் போட்டேன். ‘புரிஞ்சுதா?’ன்னேன். ‘புரிஞ்சுது மிஸ்’னு கோரஸாச் சொன்னாங்க. கோரஸாச் சொன்னாலே புரியலைன்னு அர்த்தம் சித்தப்பா!”

விடியற்காலை ஆறு மணிக்கு வேன் கிளம்பியது. இருபத்தெட்டு வாண்டுகள், இருபத்தெட்டு தண்ணீர் பாட்டில்கள், நூற்றுச் சொச்சம் சந்தேகங்கள். மிஸ் என்னைச் சித்தப்பா என்று அழைத்ததால் வேன் மொத்தத்துக்கும் நான் சித்தப்பா ஆகிவிட்டேன். ஒரே ஒரு வாண்டு மட்டும் என் தலைமுடியை உற்றுப் பார்த்துவிட்டு “தாத்தா” என்றது. குழந்தைகள் பொய் சொல்வதில்லை.

ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார் டீச்சர். அட்டையில் ‘ஏரிக் கணக்கு’ என்று எழுதியிருந்தது. உள்ளே பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் ‘ஏரி நமக்குத் தருவது’. வலது பக்கம் ‘நாம் ஏரிக்குத் தருவது’.

“இது என்ன, மளிகைக் கடை நோட்டு மாதிரி?” என்றேன்.

“அதேதான். பறவை பாவம், மீன் பாவம்னு சொன்னா அஞ்சு நிமிஷம் உச்சுக் கொட்டுவாங்க. ஆறாவது நிமிஷம் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிச்சுடுவாங்க. கணக்குன்னா அப்படி இல்ல. நமக்கு என்ன வருதுன்னு தெரிஞ்சா, அதை யாராவது எடுத்துட்டுப் போறப்ப கேப்பாங்க.”

கொஞ்சம் சுயநலமான பாடமாகத்தான் எனக்குப் பட்டது. சாயந்திரம் வரை பொறுத்திருந்து பார்ப்போம் என்று தலையை எண்ணத் தொடங்கினேன்.

பள்ளிக்கரணையில்...

துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் ரோட்டில் ஆபீஸ் போகிறவர்கள் தினமும் பள்ளிக்கரணையைப் பார்க்கிறார்கள். பார்த்துக்கொண்டே ஹாரன் அடிக்கிறார்கள். வேனை விட்டு இறங்கி, சதுப்பை ஒட்டிய சூழலியல் பூங்காவின் நடைபாதையில் நின்று பார்த்தால்தான் தெரிகிறது, ஊருக்கு நடுவில் இப்படி ஒரு உலகம் இருப்பது.

“ஈரநிலம்னா என்ன மிஸ்? ஈரமான நிலமா?” என்றாள் ரெட்டை ஜடை ஒருத்தி.

“வருஷம் பூராவோ, சில மாசமோ தண்ணி நிக்கற இடம் எல்லாம் ஈரநிலம்தான். ஏரி, குளம், இந்த மாதிரி சதுப்பு, ஆறு கடல்ல சேர்ற கழிமுகம், நெல் வயல்கூட!”

“மழை பேஞ்சா எங்க கிளாஸ் ரூம் மிஸ்?” என்றான் பின்னாலிருந்து ஒருவன். அவனுக்கு எதிர்காலத்தில் பத்திரிகையில் வேலை நிச்சயம்.

பறவைகளை டீச்சர் அறிமுகப்படுத்திய விதம் கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துவது மாதிரி இருந்தது. “அதோ, உடம்பெல்லாம் நீலப் பட்டு, நெத்தியில சிவப்பு... அவங்க நீலத் தாழைக்கோழி. கறுப்பா, நெத்தியில வெள்ளை நாமம் போட்டுக்கிட்டுப் போறவங்க நாமக்கோழி. அலகுக்குக் கீழே பை தொங்குதே, அவர் கூழைக்கடா. அந்தப் பையை வலை மாதிரி வீசி மீன் பிடிப்பார். இலை மேல நடந்து போறவங்க இலைக்கோழி.”

“முழுகிட மாட்டாங்களா மிஸ்?”

“கால் விரலைப் பாரு, எவ்ளோ நீளம்! உடம்பு பாரம் பரவிடும். அதான் முழுகறதில்ல.”

இடது பக்கத்தில் எல்லோரும் மும்முரமாக எழுதினார்கள். அப்போது ஒருத்தன் தூரத்தில் கை நீட்டினான். “மிஸ், அது என்ன மலை?”

பெருங்குடிக் குப்பை மேடு. 1980-களிலிருந்து நகரத்துக் குப்பையைக் கொட்டிக் கொட்டி, சதுப்பின் மேல் நாமே வளர்த்த மலை. சமீப வருடங்களாக மாநகராட்சி அந்தப் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலையைச் செய்கிறது. வீட்டில் பெற்றோர் சொல்லாமல் குழந்தைகளே அறையைச் சுத்தம் செய்ய ஆரம்பித்த மாதிரி, இது நல்ல செய்திதான். ஆனாலும் நோட்டின் வலது பக்கத்தில் இருபத்தெட்டு பேரும் முதலில் எழுதிய வார்த்தை: ‘குப்பை’.

எங்கள் வேன் டிரைவர் அந்தப் பக்கத்துக்காரர். அதுவரை ஓரமாக பீடியை மறைத்தபடி நின்றவர், மெதுவாக அருகில் வந்தார். “நாங்க இதைக் கழுவெளின்னுதான் சொல்லுவோம் சார். சின்னப் பையனா இருந்தப்ப கோரைப்புல்லு ஆளுயரம் நிக்கும். மாடு மேய்க்க வருவோம். அந்தாண்ட வேளச்சேரி வரைக்கும் தண்ணிதான். இப்ப அங்க என் மச்சான் மூணாவது மாடில குடியிருக்கான்.”

அவர் மிகைப்படுத்தவில்லை. 1960-களில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்து கிடந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு இது. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது அதற்குக் கிடைத்த எல்லை சுமார் 1,248 ஹெக்டேர். ராம்சர் என்பது ஈரானில் காஸ்பியன் கடலோரம் இருக்கும் ஓர் ஊர். ஈரநிலங்களைக் காப்பாற்றுவோம் என்று நாடுகள் கூடி 1971 பிப்ரவரி 2-ஆம் தேதி அங்கேதான் ஒப்பந்தம் போட்டார்கள். அதனால்தான் அந்த நாள் உலக ஈரநில நாள். தமிழ்நாட்டில் 2002-இல் கோடியக்கரை அந்தப் பட்டியலில் ஏறியது. அதன்பின் இருபது வருடம் நாம் அசையவில்லை. 2022-இலிருந்து விறுவிறுவென்று ஏறி, 2025 பிப்ரவரியில் நம் கணக்கு 20 ஆகியிருக்கிறது. இந்தியாவில் வேறெந்த மாநிலத்துக்கும் இத்தனை இல்லை.

ஸ்பாஞ்சை யார் எடுத்தது?

வெயில் ஏறுவதற்கு முன் நிழலில் எல்லோரையும் உட்கார வைத்தார் டீச்சர். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். ஒரு எவர்சில்வர் தாம்பாளம். ஒரு உருண்டை களிமண். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் நாலு. செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளி. தீப்பெட்டிகள் ஆறு. சித்து விளையாட்டுக்காரர் பையைத் திறந்தது போல வாண்டுகள் நெருக்கியடித்து உட்கார்ந்தன.

தாம்பாளத்தின் ஒரு பாதியில் களிமண்ணைச் சரிவாக அப்பினார். அதுதான் மேட்டு நிலம். சரிவு முடிகிற இடத்தில் ஸ்பாஞ்சுகளை வரிசையாகச் செருகினார். அதுதான் சதுப்பு. அதற்கு அப்பால் பள்ளத்தில் தீப்பெட்டிகள். அது ஊர்.

“யாரு மழை பெய்யறீங்க?”

இருபத்தெட்டு கைகள்! ஒரு பையன் பூவாளியைப் பிடித்து மேட்டில் மழை பெய்தான். களிமண் கரைந்து கலங்கல் தண்ணீர் சரிவில் ஓடி வந்தது. ஸ்பாஞ்சில் முட்டி நின்றது. ஸ்பாஞ்ச் குடித்தது, உப்பியது, வயிறு நிறைந்தபின் மெல்லக் கசியவிட்டது. சேறு ஸ்பாஞ்சின் இந்தப் பக்கமே தங்கிவிட, தெளிந்த தண்ணீர்தான் அந்தப் பக்கம் போனது. தீப்பெட்டி ஊர் பத்திரம்.

“இப்ப பாருங்க.” டீச்சர் ஸ்பாஞ்சுகளை எடுத்துவிட்டார். அதே பையன், அதே பூவாளி, அதே மழை. சேறும் தண்ணீரும் ஒரே பாய்ச்சலில் இறங்க, ஆறு தீப்பெட்டிகளும் மிதந்தன. ஒன்று கவிழ்ந்தது.

எல்லோரும் ‘ஓ’வென்று சிரித்தார்கள். ஒரு குழந்தை மட்டும் சிரிக்கவில்லை. முன்பல் விழுந்த சின்னப் பெண். தாம்பாளத்தையே பார்த்தபடி, “எங்க வீட்டுல இப்படித்தான் வந்துச்சு” என்றாள்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். அவர்கள் வீடு வேளச்சேரியில் தரைத்தளம். “ராத்திரி கட்டிலுக்கு மேல தண்ணி வந்துடுச்சு. மாடி வீட்டு ஆன்ட்டி எங்களை மேல கூட்டிட்டுப் போனாங்க. அப்புறம் போட்ல போனோம். என் டிராயிங் நோட்டு ஊறிப் போச்சு. பாட்டிக்கு ஜுரம் வந்துச்சு.” ஒப்பிப்பது போல வரிசையாகச் சொன்னாள். பக்கத்தில் இருந்த ரெட்டை ஜடை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். தென்சென்னையைச் சுற்றி சுமார் 250 சதுர கிலோமீட்டரில் பெய்யும் மழை, 65 ஏரி குளங்களைத் தொட்டுக்கொண்டு கடைசியில் பள்ளிக்கரணைக்குத்தான் வரவேண்டும். இங்கிருந்து ஒக்கியம் மடு, அப்புறம் பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல். அதுதான் தண்ணீரின் வழி. 2015-இலும் 2023-இலும் தண்ணீர் அந்த வழியைத் தேடித்தான் வந்தது. வழியில் நாம் வீடு கட்டியிருந்தோம்.

முன்பல் இல்லாத பெண் கையைத் தூக்கினாள். “மிஸ், அப்ப ஸ்பாஞ்சை யாரு எடுத்தது?”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஒக்கியம் மடு இருக்கும் திசையைப் பார்த்தேன். சர்க்காரா, பில்டரா, குப்பை லாரியா, ‘வேளச்சேரிக்கு வெகு அருகில்’ என்ற விளம்பரத்தை நம்பிய ஜனங்களா, யாரைக் கை காட்டுவது?

டிரைவர்தான் பதில் சொன்னார். “ஒருத்தர் எடுக்கலம்மா. ஆளுக்குக் கொஞ்சம் பிச்சு எடுத்துட்டுப் போனாங்க.”

அதைவிடச் சரியான பதிலை எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை.

வேனில் ஏறும்போது ஒருவன் சட்டை செய்யாமல் விடமாட்டேன் என்று டீச்சரின் புடவை முந்தானையை இழுத்தான். “மிஸ், தண்ணி நின்னா கொசு வரும்னு எங்கப்பா சொல்வாரு. அப்ப ஏரியை மூடினாத்தானே நல்லது?”

நல்ல கேள்வி. பெரியவர்கள் பலர் மனதில் வைத்துக்கொண்டு வெளியே கேட்காத கேள்வி. டீச்சர் சொன்னார்: “உயிரோட இருக்கற ஏரியில மீன் இருக்கும், தவளை இருக்கும், தும்பியோட குஞ்சு தண்ணிக்குள்ளயே இருக்கும். கொசுப் புழு அதுங்களுக்கு முறுக்கு மாதிரி. சாக்கடை கலந்து செத்துப்போன தண்ணி, மொட்டை மாடி டயரு, தேங்கா சிரட்டை, அங்கதான் கொசுவுக்கு ஜாலி. அப்பாகிட்ட மாடியில டயர் இருக்கான்னு பாக்கச் சொல்லு!”

தாங்கல் என்றால் ஏரி

ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போனால் செங்கல்பட்டில் கொளவாய் ஏரி கண்ணை நிறைக்கிறது. பாலாற்றுப் பாலம் தாண்டி, படாளம் கூட்டு ரோட்டில் திரும்பினால் ஒரே பச்சை. சென்னையிலிருந்து மொத்தம் எண்பது கிலோமீட்டருக்குள்தான். வேனில் பாதிப் பேர் புளியோதரை மயக்கத்தில் தூங்கிவிட்டார்கள். தலையை எண்ணுவது அப்போதுதான் சுலபமாக இருந்தது.

இந்தத் தொண்டை மண்டலத்தில் தாங்கல் என்றால் சின்ன ஏரி. பழவந்தாங்கல் என்று ரயில்வே ஸ்டேஷன் போர்டில் படிக்கிறோமே, அதுவும் அப்படித்தான். அங்கே பெயர் மட்டும் தங்கிவிட்டது. வேடந்தாங்கலில் தாங்கலும் தங்கியிருக்கிறது. ஏன் என்பதுதான் அன்றைய இரண்டாம் பாடம்.

மாலை நாலு மணி. ஏரிக்கரை மேல் நடந்தால், தண்ணீருக்குள் இடுப்பளவு மூழ்கி நிற்கும் நீர்க்கடம்பும் கருவேலமும். மரத்தில் இலை எது, பறவை எது என்று தெரியவில்லை. மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா... பெயர்களைக் கேட்டாலே ஆள் எப்படி இருப்பார் என்று தெரிந்துவிடுகிறது. பெயர் வைத்த பாட்டன்மார்கள் பைனாகுலர் இல்லாமலே எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்!

“இதெல்லாம் சைபீரியாவிலேருந்து வந்துதா சித்தப்பா?” என்றான் ஒருவன். பறவை என்றாலே சைபீரியா என்று சொல்வது நம்மூர் வழக்கம். உண்மையில் இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற நாரை, கொக்கு வகையெல்லாம் நம் நாட்டுக்காரர்களே. தண்ணீரும் மீனும் எங்கே உண்டோ அங்கே போகிறவர்கள். வடக்கே, மத்திய ஆசியா, சைபீரியா பக்கமிருந்து குளிருக்குத் தப்பி வருபவை ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. விருந்தாளி மாதிரி சாப்பிட்டுவிட்டு, வெயில் வந்ததும் கிளம்பிவிடும். (நம் வீட்டு விருந்தாளிகளும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!)

கரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார் உள்ளூர் விவசாயி ஒருவர். எழுபது தாண்டியவர். பிள்ளைகளைக் கண்டதும் உற்சாகமாகிவிட்டார். டீச்சர் கேட்டார்: “ஐயா, இந்தப் பறவைங்களால உங்களுக்கு என்ன லாபம்? பசங்க கணக்கு எழுதறாங்க.”

“லாபமா? அதுங்க எச்சம் பூரா ஏரியில விழுது. அந்தத் தண்ணி மதகு வழியா எங்க வயலுக்கு வருது. தண்ணியோடயே உரம் வந்துடுது. உரக்கடைக்காரனுக்குத்தான் எங்க மேல கோவம்.”

“எச்சமா? ச்சீய்ய்!” என்று இருபத்தெட்டு குரல்கள்.

“ச்சீன்னு சொல்லாதீங்க கண்ணுங்களா. நீங்க மத்தியானம் சாப்ட்ட புளிச்சோத்துல அதுவும் இருக்கும்!”

புளியோதரை சாப்பிட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரெட்டை ஜடை மட்டும் நோட்டைத் திறந்து, இடது பக்கத்தில் ‘எச்சம் = உரம் = சோறு’ என்று எழுதினாள். ஒரு வரியில் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை!

பெரியவர் சொன்ன அடுத்த கதை, இந்த ஊரின் பெருமை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பொழுதுபோக்காகப் பறவைகளைச் சுட்டார்கள். கிராமத்து ஜனங்கள் நேரே செங்கல்பட்டு ஜில்லா கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். 1798-இல் அவர் பறவைகளைச் சுடக்கூடாது என்று ‘கவுல்’ எழுதிக் கொடுத்தார். 1858-இல் ஜனங்கள் அதைப் புதுப்பித்தும் வாங்கிக்கொண்டார்கள். சுற்றுச்சூழல் என்ற வார்த்தையே பிறக்காத காலம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை ஊரில் விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஏரிக் கணக்கு மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நம் வயலுக்கு வருகிற உரத்தைத் துப்பாக்கியால் சுடுகிறான் என்று அவர்களுக்குப் புரிந்தது. அதனால் கேட்டார்கள்.

டீச்சரின் கணக்கு நோட்டு சுயநலம் என்று காலையில் நினைத்தேன் அல்லவா? இருநூறு வருடத்துக்கும் மேலாக ஓர் ஏரியைக் காப்பாற்றியது அந்தச் சுயநலம்தான். பள்ளிக்கரணையில் கோரை அறுத்தவனுக்கும் மாடு மேய்த்தவனுக்கும் கணக்கு தெரியும். அவன் போனபின் வந்தவர்களுக்கு அது வெறும் காலி இடம். சர்க்கார் காகிதத்தில் ‘தரிசு’. லாபம் தெரியாத இடத்தில் குப்பை கொட்டத்தான் தோன்றும்.

“இப்ப சுடறவங்க இல்லியே தாத்தா, இனிமே பயம் இல்லதானே?” என்றாள் முன்பல் இல்லாத பெண்.

“இருக்குதும்மா. இந்தப் பறவைங்க இந்த ஏரியில தூங்கும், கூடு கட்டும். சாப்பாட்டுக்கு? சுத்துப்பட்டு ஏரி, குட்டை, வயலுக்கெல்லாம் போவணும். அதெல்லாம் பிளாட்டு ஆயிட்டா இந்த ஒரு ஏரியை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? சமையக்கட்டை இடிச்சுட்டுப் படுக்கை ரூமை மட்டும் பெயின்ட் அடிச்சாப்ல.”

2020-இல் வேடந்தாங்கல் சரணாலயத்தைச் சுற்றியுள்ள 5 கிலோமீட்டர் பாதுகாப்பு எல்லையை மாற்றும் யோசனை எழுந்தபோது பலத்த எதிர்ப்புக் கிளம்பியதே, அதன் காரணம் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. மழை பொய்த்து ஏரி வற்றும் வருடங்களில் பறவைகள் வருவதே இல்லை. அவை வராத வருடம், வயலுக்கும் ஊருக்கும் தண்ணீர் இல்லாத வருடம். பறவை என்பது ஏரியின் ரேஷன் கார்டு மாதிரி. அது செல்லுபடியானால்தான் நமக்கும் அரிசி!

ஐந்தரை மணிக்கு வானம் நிறைய ஆரம்பித்தது. இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பின. அம்பு போல வந்து, ஏரிக்கு மேல் சிறகை மடக்கி, சறுக்கி, அவரவர் மரத்தில் அவரவர் கிளையில் இறங்கின. கூட்டில் குஞ்சுகள் வாயைத் திறந்து ஒரே கூச்சல். அதுவரை காலையிலிருந்து ஒரு நிமிஷம்கூட வாய் மூடாத எங்கள் இருபத்தெட்டும் சத்தமே இல்லாமல் நின்றன. எண்ணிப் பார்த்தேன். இருபத்தெட்டு சரியாக இருந்தது.

வலது பக்கத்தில் என்ன எழுதுவது?

திரும்பும்போது டீச்சர் கேட்டார்: “வேடந்தாங்கல்காரங்க ஏரிக்கு என்ன தர்றாங்க? வலது பக்கத்துல எழுதணுமே!”

“ஒண்ணும் தரலியே மிஸ்?”

“சத்தம் போடாம இருக்காங்க மிஸ்!” என்றாள் ரெட்டை ஜடை.

அப்போதுதான் டீச்சர் இன்னும் இரண்டு ஊர்க் கதையைச் சொன்னார். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி. திருநெல்வேலி மாவட்டத்தில் கூந்தன்குளம். பறவைகள் பயந்துவிடும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை.

வேனில் பயங்கர மௌனம். ஏரி அழிவதைவிடப் பெரிய பேரிடர் இது!

“புஸ்வாணமாவது மிஸ்?” என்று ஒரு குரல் பேரம் பேசியது.

“அந்த ஊர் பசங்களை நினைச்சா பாவமா இருக்கு மிஸ்” என்றது இன்னொன்று. சற்று யோசித்து அதுவே சொன்னது: “ஆனா அவங்க வீட்டு மரத்துலயே நாரை இருக்குமே!”

யாரும் சொல்லிக் கொடுக்காமல் இரண்டு பக்கத்தையும் அந்தக் குழந்தையே கூட்டிக் கழித்துவிட்டது. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வேடந்தாங்கலுக்கு நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போவது நல்லது. அந்த வருடம் மழை பெய்ததா, ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். விடிந்ததும் போகலாம், அல்லது சாயந்திரம். மத்தியானம் போனால் பறவைகள் டூட்டியில் இருக்கும். பளிச்சென்ற சிவப்புச் சட்டையும் செல்போன் பாட்டும் வேண்டாம். பைனாகுலர் இருந்தால் நல்லது. குழந்தை இருந்தால் ரொம்ப நல்லது. கூடவே ஒரு நோட்டும், நடுவில் ஒரு கோடும்.

டீச்சர் அன்று ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். ‘உங்கள் தெரு முன்பு என்னவாக இருந்தது? தாத்தா, பாட்டி, அக்கம்பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வா.’ பத்து நாள் கழித்து அந்தத் தாள்களைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். ‘எங்கள் தெரு வயலாக இருந்தது.’ ‘எங்கள் தெரு தாங்கலாக இருந்தது.’ ‘எங்கள் தெருவில் படகு போனதாம். இப்போதும் மழைக்குப் போகிறது.’ முன்பல் இல்லாத பெண் ஒன்றும் எழுதவில்லை. நீல நிற ஸ்பாஞ்ச் ஒன்று வரைந்து, அதன் மேல் ஒரு நாரையை நிற்க வைத்திருந்தாள். புது டிராயிங் நோட்டு.

கடைசித் தாள் அந்தக் கொசுக் கேள்விப் பையனுடையது. கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தது. (நாமக்கோழியாக இருக்கலாம்!) இப்படி எழுதியிருந்தான்:

‘எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. இன்னும் இருக்கிறது. நானும் அப்பாவும் போய்ப் பார்த்தோம். ஒரு முக்குளிப்பான் முங்கி முங்கி எழுந்தது. மொட்டை மாடி டயரை அப்பா எடுத்துப் போட்டுவிட்டார். மிஸ், குளம் இருக்கும் இடத்தை உங்களுக்கு மட்டும் காட்டுகிறேன். வேறு யாருக்கும் சொல்லாதீர்கள். பிளாட் போட்டுவிடுவார்கள்.’